ஸ்கேல் சரின்னு சொல்லுது, கண்ணு ஒத்துக்க மாட்டேங்குது

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு பேனர் டிசைன் பண்ற வேலை என் தலையில விழுந்துச்சு. பத்தடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ். என் திறமையைப் பார்த்துக் குடுத்தாங்கன்னு நினைக்காதீங்க. லேப்டாப்ல இங்க்ஸ்கேப் வெச்சிருந்த ஒரே ஆள் நான்தான்.

ரெடிமேட் ஃபாண்ட் எதுக்கு, நாமளே எழுத்து வரைவோம்னு ஒரு ஆர்வக்கோளாறு. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல மினி டிராஃப்டரும் காம்பஸுமா அலைஞ்ச தைரியம் வேற. 'ஓ' வேணுமா? ஒரு வட்டம், அதுக்குள்ள இன்னொரு வட்டம். 'ஹெச்' வேணுமா? மூணு செவ்வகம். எல்லாத்துக்கும் ஒரே உயரம், ஒரே தடிமன். கிரிட்ல ஸ்னாப் பண்ணி, ஒரு புள்ளி கூட விலகாம முடிச்சேன். (இங்க ஓ, ஹெச், ஈன்னு நான் சொல்றது எல்லாம் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்து பின்னாடி வரும், அப்ப சொல்றேன்.)

மெயின் பிளாக் முன்னாடி பேனரைக் கட்டினோம். ஹெச்ஓடி சார் வந்து நின்னு பார்த்தார். "நல்லா இருக்குப்பா. ஆனா அந்த ஓ ரெண்டையும் மட்டும் ஏன் சின்னதா போட்டிருக்க?"

சின்னதா? எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. டேப் எடுத்துட்டு வந்து ஸ்டூல் மேல ஏறி அளந்தே காட்டினேன். ஹெச் 12 இன்ச். ஓவும் 12 இன்ச். சார் டேப்பைப் பார்த்தார், மறுபடி ஓவைப் பார்த்தார். "அளவு சரிதான்ப்பா. ஆனா சின்னதாத்தான் இருக்கு."

கொடுமை என்னன்னா, அவர் சொன்னதுக்கு அப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது.

அந்த எரிச்சல்ல தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல பாதியை உங்க தலையில கட்டறேன், பொறுத்துக்கங்க.

நான் வரைய முயற்சி பண்ணின வகைக்கு ஜியோமெட்ரிக் சான்ஸ்னு பேரு. எழுத்தோட முனையில வால், குஞ்சம் எதுவும் இருக்காது. வட்டம், முக்கோணம், நேர்கோடு இதையே வெச்சுக் கட்டின மாதிரி இருக்கும். அதையே நல்லா தடிமனாக்கி, தலைப்புக்கு மட்டும்னு வரைஞ்சா போல்டு டிஸ்ப்ளே ஃபாண்ட். சினிமா போஸ்டர், ஷூ டப்பா, ஸ்டார்ட்அப் லோகோன்னு நீங்க தினமும் பார்க்கற சமாச்சாரம்தான்.

இந்த வகையில தாத்தா மாதிரி ஒண்ணு இருக்கு: ஃபியூச்சுரா. பால் ரென்னர்னு ஒரு ஜெர்மன்காரர் வரைஞ்சது. ஓவியம் படிச்சவர், ரொம்ப வருஷம் புத்தக வடிவமைப்பு செய்தவர். 1924ல வேலையை ஆரம்பிச்சார், 1927ல ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த பாவர் எழுத்து வார்ப்பகம் அதை ஈய எழுத்தாக வெளியிட்டது. அப்போ அவருக்கு கிட்டத்தட்ட ஐம்பது வயசு. நிறைய பேர் இதை பாஹவுஸ் ஃபாண்ட்னு சொல்லுவாங்க. ரென்னர் பாஹவுஸ்ல வேலை பார்த்தவரே இல்ல. பாஹவுஸ்ல அந்த சமயம் ஹெர்பர்ட் பேயர்ங்கறவர் முழுக்க காம்பஸ், ஸ்கேல் வெச்சே ஒரு எழுத்து வரிசை போட்டார். கேப்பிடல் லெட்டரே வேண்டாம்னு அதையும் தூக்கிட்டார். நான் பண்ணின அதே வேலை, என்ன, அவர் எனக்கு ஒரு நூறு வருஷம் சீனியர். அது அந்தக் காலத்துல ஈய எழுத்தா வார்க்கப்படவே இல்ல. ஃபியூச்சுரா மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

ஏன்னு யோசிச்சீங்கன்னா, விஷயம் அங்கதான் இருக்கு. ரென்னரும் ஆரம்பத்துல ஜியோமெட்ரி வெறியோடதான் இருந்தார். அவரோட முதல் வரைவுகள்ல 'ஆர்' எழுத்துன்னா ஒரு குச்சி, பக்கத்துல தனியா மிதக்கற ஒரு புள்ளி, அவ்வளவுதான். எம், என் ரெண்டும் பெட்டி மாதிரி சதுரமா இருந்துச்சு. படிக்கறவங்களுக்கு சரிப்படாதுன்னு இதெல்லாம் கழிஞ்சு போச்சு. கேப்பிடல் எழுத்துகளோட அகலத்துக்கு அவர் காம்பஸை நம்பவே இல்ல; பழைய ரோமானிய கல்வெட்டு எழுத்துகளோட விகிதத்தை எடுத்துக்கிட்டார். அதனாலதான் அதுல ஓ அகலமா இருக்கும், ஈ, எஃப், எல் எல்லாம் ஒல்லியா நிக்கும்.

சரி, என் ஓவுக்கு வருவோம்.

ஹெச்சோட தலை ரெண்டு இடத்துல தட்டையா மேல்கோட்டைத் தொடுது. ஓ ஒரே ஒரு புள்ளியிலதான் தொடுது. தொட்ட உடனே வளைஞ்சு இறங்கிடுது. நம்ம கண்ணு உச்சிப் புள்ளியை அளக்கறதில்ல, மொத்தமா எவ்வளவு இருக்குன்னு பார்க்குது. அதனால ஓ குட்டையா தெரியுது. இதுக்கு டிசைனர்கள் செய்யறது: உருண்டையான எழுத்தை மேலயும் கீழயும் கோட்டைத் தாண்டி கொஞ்சம் வெளிய விடுவாங்க. இதுக்குப் பேரே ஓவர்ஷூட். நம்ம கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற ஓவர்ஷூட்டை எப்படிடா குறைக்கறதுன்னு மல்லுக்கட்டுவோம். இங்க வேணும்னே வைக்கறாங்க.

எவ்வளவு? ஃபாண்ட் வரையற கட்டம் பொதுவா 1000 யூனிட். அதுல கேப்பிடல் உயரம் 700ன்னா, மேல ஒரு 10, கீழ ஒரு 10 போதும். என் பேனர்ல 12 இன்ச் எழுத்துக்கு அது மேல நாலு மில்லிமீட்டர், கீழ நாலு மில்லிமீட்டர். அந்த எட்டு மில்லிமீட்டரைத்தான் சார் பத்தடி தள்ளி நின்னு கண்டுபிடிச்சிருக்கார்!

முக்கோணம் இதைவிட மோசம். 'ஏ' எழுத்தோட உச்சி கூர்மையா இருந்தா கோட்டைத் தொட்டும் தொடாத மாதிரி இருக்கும். ஃபியூச்சுராவோட மெல்லிய வெயிட்கள்ல அந்தக் கூர்முனை கேப்பிடல் உயரத்தையே தாண்டி மேல போகும். போல்டுல அந்த முனையை மழுங்க வெட்டிடுவாங்க.

அடுத்தது தடிமன். என் ஓல எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். அது நியாயம்தானே? ஆனா நம்ம கண்ணுக்குப் படுத்திருக்கற கோடு, நிக்கற கோட்டை விட தடியா தெரியும். ஒரே தடிமன் வெச்சா ஓவோட தலையும் அடியும் வீங்கின மாதிரி இருக்கும். அதனால நல்ல ஜியோமெட்ரிக் ஃபாண்ட்ல படுக்கைக் கோடு எப்பவுமே கொஞ்சம் மெலிசு. நம்பலைன்னா இப்பவே ஒரு வேலை பண்ணுங்க: ஏதாவது ஒரு போல்டு ஃபாண்ட்ல 'எஸ்', '8' ரெண்டையும் பெருசா டைப் பண்ணி, ஃபோனைத் தலைகீழா திருப்பிப் பாருங்க. (ஆட்டோ ரொட்டேட்டை ஆஃப் பண்ணிக்கங்க.) ரெண்டும் தலை பெருத்துப் போய் விழற மாதிரி நிக்கும். நேரா இருக்கும்போது மேல் பாதியும் கீழ் பாதியும் சமம்னு நம்பிட்டிருந்தோம் இல்லையா? கிடையாது. கீழ் பாதி எப்பவும் பெருசு.

குச்சியும் வட்டமும் சேர்ற இடமும் இப்படித்தான். 'பி', 'டி' மாதிரி சின்ன எழுத்துகள்ல வட்டம் வந்து குச்சில ஒட்டற இடத்துல கறுப்பு திரண்டு ஒரு கறை மாதிரி தெரியும். ஃபியூச்சுராவைப் பெருசு பண்ணிப் பாருங்க, அந்த இடத்துல வட்டம் இளைச்சுப் போய் வந்து ஒட்டும். சுருக்கமா சொன்னா, வட்டம் மாதிரியே தெரியற அந்த எழுத்துல அச்சு அசலான வட்டத்தைத் தேடினா ஏமாந்துதான் போவீங்க. அளந்தா தப்பு, பார்த்தா சரி. டாலரன்ஸ் மைக்ரான்ல பேசற நமக்கு இது ஜீரணிக்கக் கஷ்டம்தான்.

ரென்னர் கதையில ஒரு சின்ன கிளை, அப்புறம் போல்டுக்குப் போயிடலாம். 1932ல அவர் நாஜிகளோட கலைக் கொள்கையை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். அடுத்த வருஷம் அவங்க ஆட்சிக்கு வந்ததும் அவரைக் கைது பண்ணினாங்க. மியூனிக்ல அச்சுக்கலைப் பள்ளி இயக்குநரா இருந்த பதவியும் போச்சு. ஜெர்மானியப் பெருமைன்னு அவங்க தூக்கிப் பிடிச்ச பழைய கோதிக் எழுத்தை, 1941 ஜனவரில அவங்களே யூத எழுத்துன்னு சொல்லித் தடை பண்ணினது தனி காமெடி.

இப்போ போல்டு. நான் முன்னாடி நினைச்சது: ரெகுலர் எழுத்தை எடு, சுத்திலும் ஒரு கோடு போட்டுத் தடியாக்கு, முடிஞ்சுது. ஒரு சின்ன கணக்கு போட்டா ஏன் முடியலன்னு புரியும்.

சின்ன 'ஈ' எழுத்தை எடுத்துக்கங்க. அதோட உயரம் 500 யூனிட்னு வெச்சுக்குவோம். மேல ஒரு கோடு, நடுவுல ஒரு கோடு, கீழ ஒரு கோடு, மொத்தம் மூணு படுக்கைக் கோடு. போல்டு தடிமன் 150ன்னா மூணுக்கும் சேர்த்து 450 போச்சு. மிச்சம் 50. அதை ரெண்டு ஓட்டைக்கும் பிரிக்கணும், ஆளுக்கு 25. இதையே ஃபோன்ல 24 பிக்சல் தலைப்பா போட்டா அந்த ஓட்டையோட உயரம் 0.6 பிக்சல். அதாவது ஓட்டையே இல்ல, எழுத்து ஒரு கறுப்பு உருண்டை.

அதனால டிசைனர் என்ன பண்ணுவார்னா, நிக்கற கோட்டை 150லயே விட்டுட்டு படுக்கைக் கோட்டை மட்டும் 110க்குக் குறைப்பார். மூணுக்கும் 330, மிச்சம் 170, ஓட்டைக்கு 85. இப்போ மூச்சு விடலாம். பக்கவாட்டுல இடிக்காம இருக்க எழுத்தை அகலமாவும் ஆக்குவார். இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியா பஞ்சாயத்து. ஒரு வெயிட் ஏத்தறதுன்னா கிட்டத்தட்ட புதுசா வரையற மாதிரிதான். ஃபியூச்சுராவோட எக்ஸ்ட்ரா போல்டு வந்தது 1952ல. அதை வரைஞ்சது ரென்னர் கூட இல்ல, எட்வின் ஷார்ங்கற வேற ஒருத்தர்.

இதுல நாம எல்லாரும் பண்ற ஒரு தப்பு இருக்கு. போல்டு வெயிட்டே இல்லாத ஃபாண்டை செலக்ட் பண்ணிட்டு, பிபிடில அந்த 'பி' பட்டனை அழுத்தறது. சாஃப்ட்வேர் பாவம், என்ன பண்ணும்? இருக்கற எழுத்தை நாலா பக்கமும் இழுகி விட்டுடும். ஓட்டை அடைபட்டு, மூலை வீங்கி, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கும். ப்ராஜெக்ட் ரிவ்யூ ஸ்லைடுகள்ல தினமும் பார்க்கறீங்க.

உபயோகத்துக்கு வருவோம். இவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்ச எழுத்து சத்தம் போடறதுக்குத்தான் பிறந்தது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் சிவப்புப் பட்டையில வெள்ளையா ஃபியூச்சுரா போல்டு ஆப்ளிக் போட்டு, நாலஞ்சு வார்த்தையில ஆளை நிறுத்தி வெப்பார். நம்ம ஹாஸ்டல் கொடியில காயற சுப்ரீம் டி-ஷர்ட்டோட சிவப்புப் பெட்டி வந்த வழி அதுதான். வெஸ் ஆண்டர்சன் 2001ல எடுத்த 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படத்துல புத்தக அட்டைல இருந்து பஸ் வரைக்கும் ஃபியூச்சுராதான். 1969ல அப்போலோ 11 நிலாவுல விட்டுட்டு வந்த பலகையில இருக்கறதும் இதே எழுத்துருதான், தடிமன் மட்டும் கம்மி. எல்லாத்துலயும் பொதுவா இருக்கறது வார்த்தை கம்மி, அளவு பெருசு.

இதைத் தலைகீழா பண்ணினா என்ன ஆகும்னு 2009ல ஐக்கியா காட்டுச்சு. பல வருஷமா வெச்சிருந்த ஃபியூச்சுராவை விட்டுட்டு வெர்டானாவுக்கு மாறினாங்க. வெர்டானா நல்ல எழுத்துருதான். ஆனா கம்ப்யூட்டர் திரையில குட்டியா படிக்கறதுக்காகவே மேத்யூ கார்ட்டர் வரைஞ்சது. அதை ஹோர்டிங் அளவுக்கு ஊதினதும் உலகம் பூரா டிசைனர்கள் கத்த ஆரம்பிச்சுட்டாங்க.

என் பேனர்ல நான் எதிர்ப்பக்கம் தப்பு பண்ணினேன். ரிஜிஸ்ட்ரேஷன் லிங்க்கையும் அதே தடி எழுத்துல, குட்டியா, ஓரத்துல போட்டேன். ஜியோமெட்ரிக்ல கேப்பிடல் 'ஐ' ஒரு குச்சி, சின்ன 'எல்' ஒரு குச்சி, சில ஃபாண்ட்ல '1' கூட கிட்டத்தட்ட குச்சிதான். லிங்க் வேலை செய்யலன்னு எத்தனை ஃபோன் கால்! ஐடி, பாஸ்வேர்டு, ரிஜிஸ்டர் நம்பர் எதையும் தயவு செய்து இதுல போடாதீங்க.

இடைவெளியும் அளவைப் பொறுத்ததுதான். போல்டு எழுத்துக்குள்ள ஓட்டை சின்னது. அப்போ ரெண்டு எழுத்துக்கு நடுவுல இருக்கற வெளியும் அதுக்கு ஏத்த மாதிரி சின்னதா இருந்தாத்தான் வார்த்தை ஒண்ணா நிக்கும். அதனால பெருசா போடும்போது நெருக்கணும், சின்னதா போடும்போது விலக்கணும்.

இப்போ தமிழ். எனக்கு நிஜமா வலிச்ச இடம் இதுதான்.

பேனர்ல இங்கிலீஷ் தலைப்புக்குக் கீழ "மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியல் துறை"ன்னு ஒரு வரி வரணும். தமிழ் எழுத்தை நானே வரையற தைரியம் இல்ல. நான் பன்னெண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், 'ஞ' எழுதவே ரெண்டு செகண்ட் யோசிக்கற ஆளு. பாப்பின்ஸ் பிளாக்னு ஒரு அருமையான ஜியோமெட்ரிக் ஃபாண்ட் இருக்கே, அதை செலக்ட் பண்ணி டைப் பண்ணினேன். வரி வந்துச்சு, ஆனா நோஞ்சானா வந்துச்சு. காரணம், பாப்பின்ஸ்ல தேவநாகரி இருக்கு, லத்தீன் இருக்கு, தமிழ் கிடையாது. சாஃப்ட்வேர் சொல்லாம கொள்ளாம வேற ஏதோ ஒரு தமிழ் ஃபாண்டைப் போட்டுடுச்சு. நானும் விடாம அதைச் சுத்தி அஞ்சு மில்லிமீட்டர் கோடு போட்டுத் தடியாக்கினேன்.

கட்டின அன்னைக்கே ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் வந்து கேட்டான்: "அண்ணா, அது மின்ன... என்னது?" போய்ப் பார்த்தா 'ணு' இருந்த இடத்துல ஒரு கறுப்புக் கட்டி. எங்க துறையோட பேரு, எங்க மொழியில, எங்க காலேஜ் வாசல்ல, வாசிக்க முடியல. மேல இங்கிலீஷ் மட்டும் ஜம்முனு நிக்குது. ஓ சின்னதா இருந்ததுக்குக் கூட நான் அவ்வளவு கூசல.

ஃப்ளெக்ஸ் கடை அண்ணாகிட்ட போய்ப் புலம்பினேன். அவர் ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி சுவர்ல எழுத்து எழுதினவர். சிரிச்சுட்டு, "மூணு சுழி ணாவுக்கும் டானாவுக்கும் ஒரே எடமா தம்பி குடுப்பீங்க?"ன்னார்.

அந்த ஒரு கேள்வியில மொத்த பிரச்சினையும் இருக்கு. தமிழ் 'ட' ரெண்டே கோடு. 'ப' மூணு கோடு. இதுங்களை எவ்வளவு வேணா தடியாக்கலாம், டிராஃப்டர் வெச்சே வரையலாம். 'ண' அப்படி இல்ல. இடமிருந்து வலமா ஒரு நேர்கோடு போட்டா அது நாலஞ்சு தடவையாவது எழுத்தோட தடிமனைக் கடக்கும். ஈ எழுத்துக்குப் போட்ட அதே கணக்கை இங்க பக்கவாட்டுல போட்டுப் பாருங்க. எழுத்தை நல்லா அகலமாக்கணும், இல்ல சுழியோட கோட்டை மட்டும் இளைக்க வைக்கணும், இல்ல ரெண்டும் செய்யணும்.

இன்னொண்ணு, இங்கிலீஷ்ல சத்தமா சொல்லணும்னா எல்லாத்தையும் கேப்பிடல்ல போட்டுடலாம். மேலயும் கீழயும் ஒண்ணும் நீட்டாது, வரிகளைச் செங்கல் மாதிரி அடுக்கலாம். தமிழ்ல கேப்பிடல்னு ஒண்ணு கிடையாது. மேல இகரம் போகும், கீழ உகரம் இறங்கும். இங்கிலீஷ் போஸ்டர் மாதிரி வரிகளை நெருக்கினா ஒண்ணோட கால் இன்னொண்ணோட தலையில இடிக்கும். நமக்குக் கையில இருக்கறது தடிமனும் அளவும் மட்டும்தான். அதனாலதான் தமிழுக்குன்னே வரைஞ்ச தடி எழுத்து அவ்வளவு முக்கியம்.

இருக்கவும் இருக்கு, இலவசமாவே. ப்ரியா ரவிச்சந்திரன் வரைஞ்ச கேட்டமரான் (நம்ம கட்டுமரம்தான்) தமிழும் லத்தீனும் சேர்ந்தது, ஒன்பது வெயிட். ஏக் டைப் குழுவோட அனேக் தமிழ்ல தடிமனை மட்டும் இல்ல, அகலத்தையும் தனியா ஏத்தி இறக்கலாம். அவங்களோட பாலூ தம்பி உருண்டு திரண்டு குண்டா இருக்கும். அதே குடும்பத்துல மலையாளத்துக்குப் பேரு பாலூ சேட்டன்! இதையெல்லாம் போட்டுட்டு 'ணு'வை மட்டும் ஜூம் பண்ணிப் பாருங்க. சுழி உள்ள போகப் போகக் கோடு எப்படி இளைக்குதுன்னு தெரியும். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து அந்தப் பஞ்சாயத்தை நமக்காகப் பண்ணியிருக்காங்க.

இந்த வருஷமும் பேனர் வேலை எனக்கேதான் வந்திருக்கு. இங்கிலீஷுக்கு ஃபியூச்சுரா வழியில வந்த ஜோஸ்ட் பிளாக், அதுவும் இலவசம். தமிழுக்கு கேட்டமரான் பிளாக். ரெண்டுக்கும் ஒரே பாயின்ட் சைஸ் போடல. பிரிண்ட் எடுத்து சுவர்ல ஒட்டி, பத்தடி தள்ளி நின்னு, கண்ணுக்கு சமமா தெரியற வரைக்கும் தமிழோட அளவை மாத்தினேன். தமிழ் வரி இந்தத் தடவை மேல. லிங்க் கிடையாது, க்யூஆர் கோடுதான்.

அடுத்த வாரம் கேன்டீன் போற வழியில கட்டறோம். போகும்போது ஒரு நிமிஷம் நின்னு 'மின்னணு'ல மூணு சுழியும் தெரியுதான்னு பாருங்க. தெரியலன்னா வந்து சொல்லுங்க, இந்தத் தடவை டேப் எடுத்துட்டு வர மாட்டேன்.